மூடப்பட்ட ஆலையும் புதுநீரும்

2002ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தேசிய தின அணிவகுப்பைக் காணச் சென்ற என் அம்மா, அங்கே கொடுக்கப்பட்ட, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெற்ற ‘புதுநீர்’ அடங்கிய போத்தலைத் திறக்காமலே கொண்டுவந்து சமையலறை அலமாரியில் வைத்துவிட்டார். கழிவுநீராக இருந்த தண்ணீரைக் குடிப்பதா என்ற தயக்கம் அவரை விட்டு நீங்கப் பல மாதங்கள் ஆயின.

ஒரு வட்டாரத்தின் புத்தாக்கத் திறனைக் காப்புரிமைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். பசுமைத் தொழில்நுட்பத்துக்கு அந்த அளவுகோல் போதாது என்பது என் எண்ணம். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் சோதனை ஆலையைச் சிங்கப்பூர் 1974லேயே அமைத்தது. செலவு மிகுந்ததாலும் நீரை வடிகட்டும் சவ்வுகளை நம்ப முடியாததாலும் அது அடுத்த ஆண்டே மூடப்பட்டது. நம் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் அந்த மூடலும் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் 1998ல் ஆய்வு மீண்டும் தொடங்கியபோது சவ்வுகள் மலிந்தும் மேம்பட்டும் இருந்தன. 2000ல் நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் நீரைத் தரும் மாதிரி ஆலை பிடோக்கில் இயங்கியது. அந்நீரை ஈராண்டுக்கு மேல் சோதித்த பிறகே 2003ல் விநியோகம் தொடங்கியது.

இத்தனைக்கும் அந்தச் சவ்வு இங்கே பிறந்ததன்று. நீரை அழுத்தத்தால் சவ்வின் வழியே செலுத்தி உப்பையும் மாசையும் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவலை நடைமுறைக்குரியதாக்கிய சவ்வை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோபும் இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கினர். சிங்கப்பூர் செய்தது வேறு: 2001ல் மழைநீர், குடிநீர், பயன்படுத்திய நீர் அனைத்தையும் பொதுப் பயனீட்டுக் கழகம் என்ற ஒரே அமைப்பின் பொறுப்பில் கொண்டுவந்தது. சோதித்தவர்களே வாங்குவோராகவும் இருந்ததால், ஆய்வின் முடிவு அலமாரியில் தூங்கவில்லை.

தெங்கே நீர்த்தேக்கத்திலும் அதே வழிமுறைதான். 2016ல் பல நிறுவனங்களின் மிதக்கும் சூரியசக்தி அமைப்புகளை அருகருகே மிதக்கவிட்டு ஒப்பிட்ட பிறகே, 2021ல் 122,000 தகடுகளுடன் 60 மெகாவாட் உச்சத் திறனுள்ள நிலையம் திறக்கப்பட்டது.

கடல்நீரில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் குடிநீரைப் பெற ஏறக்குறைய 3.5 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதியோ இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த அளவை 2 யூனிட்டுக்குக் கீழே கொண்டுவருவதற்கான ஆராய்ச்சிகளில் சிலவும் 1974ஆம் ஆண்டின் ஆலையைப் போல மூடப்படக்கூடும். அப்படி நேர்ந்தாலும், அவற்றில் பழகிய பொறியாளர்களைத் துறையைவிட்டுப் போகவிடாமல் வைத்திருப்பதற்கு நாம் செலவிட வேண்டும்.