போல்ட்டுத் தலையில் ஓர் எஃப்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பல ஆண்டுக் கிரீஸைத் துடைத்தெடுத்தபோது, போல்ட்டின் தலையில் தேய்ந்தும் தேயாமலும் ஓர் எழுத்துத் தெரிந்தது. பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கைவிளக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தார். "தம்பி, இது வில்லிஸ் இல்ல, ஃபோர்டு வண்டி. எஃப் போட்டிருக்கான் பாருங்க." போடி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த என் தாய்மாமா, தம் காலம் முழுதும் "வில்லிஸ்" என்றே சொல்லி ஓட்டிய ஜீப் அது.

மாமா சொன்னதும் முழுப் பிழையன்று. 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்ட சிறு வண்டிக்கு முதலில் மாதிரி செய்து கொடுத்தது பான்டம் என்ற சிறிய நிறுவனம். எஞ்சின் வலுவில் மற்றவர்களை விஞ்சிய வில்லிஸுக்குப் பெரும் ஒப்பந்தம் போயிற்று. ஒரு தொழிற்சாலையால் தேவையை ஈடுகட்ட முடியாது என்பதால், அதே வரைபடத்தைக் கொண்டு ஃபோர்டும் செய்து கொடுத்தது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளை வெளியே விட்டன. தன் பாகங்களை அடையாளம் காண ஃபோர்டு அந்த எழுத்தைப் பொறித்தது. எழுத்து தேய்ந்துபோயிருந்தால் சேஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், முன் குறுக்குச் சட்டத்தைப் பார்க்கலாம்: வில்லிஸில் அது உருண்டைக் குழாய், ஃபோர்டில் 'ப'வைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற தகடு.

போருக்குப் பின் ஏலத்தில் விற்கப்பட்ட இத்தகைய வண்டிகள் கைமாறிக் கைமாறி மலைத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. மாமா பின்னால் இரும்பு இருக்கைகளையும் மூட்டை கட்டும் கொக்கிகளையும் பற்றவைத்தார். பெட்ரோல் விலைக்கு அஞ்சி டீசல் எஞ்சினை ஏற்றினார். அதன் எடை தாங்காமல் முன் ஸ்பிரிங் பட்டைகள் அடிக்கடி முறிந்தன. நல்லவேளையாகப் பழைய எஞ்சினை அவர் விற்கவில்லை. ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையின் பின்புறம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன். இறுகிப்போன பிஸ்டன்களுக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பதினொரு நாள் காத்திருந்து, பன்னிரண்டாம் நாள் கிராங்க் அசைந்தபோது பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பெட்ரோல் எஞ்சின் திரும்பியதும், பானெட்டில் அமெரிக்க ராணுவ அடையாளமான வெள்ளை நட்சத்திரம் வரையச் சொல்லி நண்பர்கள் நச்சரித்தார்கள். நான் மறுத்துவிட்டேன். நான்கு ஆண்டு போரை வரைந்து காட்டுவதற்காக, அதன் பிறகு மலையில் மூட்டை சுமந்த காலத்தை மறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாமாவின் இரும்பு இருக்கைகளும் கொக்கிகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பெயின்ட் விஷயத்தில் வேறொரு தவறு செய்தேன். சேஸ் முழுவதும் பளபளக்க வேண்டும் என்று வற்புறுத்தியதில், பெயின்ட் அடித்தவர் ஓரிடமும் விடாமல் அடித்து முடித்தார்.

அதன் பலன் போடிக்கு எடுத்துச் சென்ற முதல் இரவிலேயே தெரிந்தது. உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது முகப்பு விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. ஓரமாக நிறுத்தி அணைத்த பிறகு, தரையில் உள்ள ஸ்டார்ட்டர் பெடலை எத்தனை முறை மிதித்தும் எஞ்சின் முனகியதே தவிர எழும்பவில்லை. இந்த வண்டியின் முகப்பு விளக்குகள் கீலில் அமைந்தவை. திருகைத் தளர்த்திப் பின்னால் திருப்பினால், இரவில் பழுது பார்க்க எஞ்சின் மேலேயே வெளிச்சம் விழும். ஆசையோடு திருப்பினேன். அகல் விளக்கு அளவுக்குக்கூட வெளிச்சம் இல்லை. கடைசியில் கைபேசி விளக்கில்தான் அண்ணன் பார்த்தார்.

"எர்த் இல்ல தம்பி" என்றார். மின்சாரம் சேஸ் வழியே பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் கேபிள் சேஸில் பதியும் இடத்தில் இரும்புக்கும் கேபிளுக்கும் இடையே என் புதுப் பச்சை பெயின்ட் உட்கார்ந்திருந்தது. 12 வோல்ட் வண்டி என்றால் எப்படியோ சமாளித்திருக்கும். இதுவோ 6 வோல்ட். அதே வேலைக்கு இரட்டை மின்னோட்டம் வேண்டும், இணைப்பில் சிறிது தடை இருந்தாலும் தாங்காது. போல்ட்டைக் கழற்றி, பேனாக்கத்தியால் ஒரு ரூபாய்க் காசளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் கேபிளை இறுக்கினார். கார்புரேட்டரின் மேல் மஞ்சள் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. வண்டியைத் தள்ளி, சரிவில் இறக்கிக் கிளப்பினோம். அந்தக் காசளவு இடத்தில் இன்றுவரை பெயின்ட் அடிக்கவில்லை. கிரீஸ் மட்டும் தடவி வைத்திருக்கிறேன்.