பரிசாக வந்த டேமேஜ் பீஸ்

யார் எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் என் கை முதலில் கழுத்துப் பட்டிக்குத்தான் போகும். இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளே விட்டு மெல்ல இழுத்துப் பார்ப்பேன். தையல் தாங்குகிறதா, பட்டி அலையடிக்கிறதா, ஒட்டுப் போட்ட இடம் வெளியே தெரிகிறதா. பிறகு தோள், கை, அக்குள் கூட்டு, பக்கத் தையல், கீழ் மடிப்பு. அதன்பின் உள்பக்கம் வெளியே திருப்பி, மறுபடி அதே வழி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசை முன்னால் 2005இலிருந்து நிற்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டையில் பொத்தான் ஓட்டை கோணலாக இருப்பது கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கம்பெனியில் ஒரு பனியனைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு ஊருக்குப் போக எல்லாரும் மனதுக்குள் பை கட்டிக்கொண்டிருந்த நேரம்.

எதற்குப் பரிசு என்றால், 2023 முழுவதும் எங்கள் கம்பெனியில் ஒரு ஆர்டர்கூடக் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆகவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. 3,000 பீஸ் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கை வாங்கும் பையரின் ஆள் வந்து, அட்டைப்பெட்டிகளைத் தன் இஷ்டத்துக்குத் திறந்து, 125 பீஸ்களை எடுப்பார். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்பதற்கு ஏக்யூஎல் என்று ஓர் அளவுகோல் உண்டு. நாங்கள் பெரும்பாலும் பார்க்கிற 2.5 ஏக்யூஎல் கணக்கில், அதில் 7 பீஸ் வரை பெரிய குறை இருந்தால் பாஸ். 8 ஆகிவிட்டால் மொத்த ஆர்டரும் ஃபெயில். பிறகு எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, இரவெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு, 3,000 பீஸையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்குள் கப்பல் போய்விட்டால் சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். அந்த எட்டாவது பீஸ் பெட்டிக்குள் போய்விடாமல் பிடிப்பதுதான் எங்கள் செக்கிங் பிரிவில் உள்ள 12 பெண்களின் வேலை. ஒரு ஷிப்டில் ஆளுக்கு 500 பீஸுக்குக் குறையாமல் கையில் புரளும். பெரும்பாலான நாட்களில் ஒன்றரை ஷிப்ட்.

பரிசு என்ற பேச்சு வந்ததும் நான் ஒன்றை எதிர்பார்த்தேன். ஸ்டூல்.

சிரிக்காதீர்கள். செக்கிங் மேசை நின்று பார்க்கிற உயரத்தில் இருக்கும். தரை சிமெண்ட். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. ஐந்தாவது வருடம் குதிகாலில் ஆரம்பிக்கும். பத்தாவது வருடம் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொண்டு எழும்பும். எங்களில் நான்கு பேருக்கு அப்படி. கிழிந்த அட்டைப்பெட்டியைத் தட்டையாக்கிக் காலுக்கடியில் போட்டுக்கொள்வோம். இரண்டு நாளில் அது நைந்து சப்பையாகிவிடும். டாக்டரிடம் காட்டியபோது, "நீண்ட நேரம் நிற்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார். சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் எட்டரைக்கு வந்து நின்றேன்.

ஆகஸ்டில் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் நானே போய்க் கேட்டேன். "சார், ஆளுக்கொன்று வேண்டாம். 12 பேருக்கு நான்கு ஸ்டூல் போதும். பண்டல் வரத் தாமதமாகும்போது மாறி மாறிப் பத்து நிமிடம் உட்கார்ந்துகொள்கிறோம்." அவர் நல்ல மனிதர். "பார்க்கலாம் அக்கா" என்றார். இந்த ஊரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பினேன்.

நான் கேட்டது சலுகையும் இல்லை. வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம் தமிழில் மாட்டியிருக்கிறார்கள். சம்பள நாளில் வரிசையில் நிற்கும்போது அதைப் படிப்பது என் பொழுதுபோக்கு. 1948ஆம் வருடத்துச் சட்டம் அது. அதன் 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் வேலைக்கிடையே ஓய்வு கிடைக்கும்போது உட்கார இடவசதி செய்துதர வேண்டும் என்றது. 2021 செப்டம்பரில் கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்காரும் உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவந்தபோது, ஜவுளிக்கடையில் நிற்கும் என் நாத்தனார் மகள் மகிழ்ச்சியோடு போன் செய்தாள். கேரளாவில் 2018இலேயே வந்துவிட்டதாம். நான் மட்டும், எங்களுக்கு அது 73 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன். சட்டம் சுவரில் இருக்கிறது, நாங்கள் தரையில் நிற்கிறோம். வெளியிலிருந்து ஆடிட் வருகிற நாளில் நான்கு ஸ்டூல்கள் எங்கிருந்தோ வரும். ஆடிட்காரர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் அவையும் எங்கேயோ போய்விடும். அதனால் கம்பெனியில் ஸ்டூல் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது.

விழாவுக்கு வருவோம். மதியம் மூன்று மணிக்கு மெஷின்களை நிறுத்தினார்கள். ஃபினிஷிங் பிரிவில் மேடை. பின்னால் ஃபிளெக்ஸ் பேனர். அதில் பூதக்கண்ணாடி பிடித்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். செக்கிங் செய்கிறவள் அவள்தான்போல. வாடகைக்கு 40 பிளாஸ்டிக் நாற்காலிகள் எடுத்திருந்தார்கள். ஆபீஸ்காரர்கள், மெர்ச்சண்டைசர்கள், விருந்தினர்கள் எல்லாரும் முன்னால் உட்கார்ந்தார்கள். பரிசு வாங்குகிற நாங்கள் 12 பேரும் மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம். பேச்சு முடிய ஒன்றரை மணி நேரம். நாற்காலிகளை எண்ணிப் பார்த்தேன், ஒன்பது காலியாக இருந்தன.

சின்ன முதலாளி நன்றாகவே பேசினார். "நம் கம்பெனியின் கண்கள் நீங்கள்" என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாலிதீன் உறை போட்ட ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். கருநீல டீசர்ட். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'தரமே எங்கள் உயிர்', கீழே கம்பெனியின் பெயர்.

"எல்லாரும் போட்டுக்கொண்டு ஒரு குரூப் போட்டோ எடுக்கலாம் அக்கா" என்றாள் ஹெச்ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண். வெளிநாட்டு ஆண்களின் எல் சைஸ். எங்களில் எட்டுப் பேர் சேலை. சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றோம். கோவில் திருவிழாவில் தூண்களுக்குத் துணி சுற்றிவிடுவார்களே, அப்படி இருந்தோம்.

மாட்டும்போதே என் கட்டைவிரல்கள் கழுத்துக்குப் போய்விட்டன. பட்டி ஒரு நிறம், உடல் ஒரு நிறம். வெளிச்சத்துக்குக் கொஞ்சம் திருப்பினால் பட்டி லேசாகக் கத்தரிப்பூ அடித்தது. பட்டித் துணியும் உடல் துணியும் வெவ்வேறு சாயத் தொட்டியில் ஊறி வந்தால் இப்படி ஆகும். இந்த நீலத்தை எனக்குத் தெரியும். ஜூலையில் வந்த ஆர்டர், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி, நாங்களே ஒதுக்கிவைத்த பீஸ்கள். 200க்கு மேல் ஸ்டோரில் கிடந்தன. ஓட்டை, கறை, நிற வித்தியாசம் எல்லாம் கலந்த மூட்டை.

என் பக்கத்தில் போடிக்காரி. அடுத்த மேசையில் நிற்பவள், வயதில் சின்னவள். அவள் கையைத் தூக்கியபோது அக்குளுக்குக் கீழே சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அம்புக்குறி ஸ்டிக்கர்.

குறை இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டுவது அது. யார் பிடித்தது என்று தெரிய மேசை எண்ணைப் பேனாவில் எழுதுவோம். அதில் 7 என்று எழுதியிருந்தது. ஏழாம் மேசை என்னுடையது. ஒன்றோடு குழம்பக் கூடாது என்று ஏழின் நடுவில் சின்னக் குறுக்குக்கோடு போடுவது என் வழக்கம். அந்தக் கோடும் இருந்தது. அம்பின் நுனியில் கடுகளவு ஊசி ஓட்டை. துவைக்கத் துவைக்க அது பெரிதாகும். அதனால்தான் ஒட்டினேன். எனக்கே என் பீஸ் திரும்ப வந்தது என்று சொன்னால் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் வந்தது அவளுக்குத்தான்.

"அக்கா, உங்கள் கையெழுத்து" என்றாள் போடிக்காரி. இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தோம். அந்தப் போட்டோவில் நாங்கள் இருவரும்தான் மிக மகிழ்ச்சியாக இருப்பதுபோல் விழுந்திருக்கிறது.

போட்டோ முடிந்ததும் ஹெச்ஆர் பெண் ஓடிவந்தாள். "பிடித்திருக்கிறதா அக்கா? டிசைன் நான்தான் போட்டேன்." முகமெல்லாம் சிரிப்பு. படிப்பை முடித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. எந்த மூட்டையிலிருந்து துணி வந்தது என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? "நன்றாக இருக்கிறது கண்ணு" என்றேன்.

வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தபோது அதுதான் உறுத்தியது. இத்தனை வருடத்தில் டேமேஜ் என்று தெரிந்தே நான் பாஸ் செய்த முதல் பீஸ் அது.

கணக்கையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி போனஸில் கம்பெனி குறை வைக்கவில்லை. சட்டம் சொல்லும் 8.33 சதவீதத்துக்கு மேலேயே கொடுத்தார்கள், பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். செகண்ட்ஸ் என்கிற குறையுள்ள உருப்படிகளை உடுத்துவதில் எனக்கு வெட்கமும் கிடையாது. என் பிள்ளைகள் இருவரும் காதர்பேட்டையில் வாங்கிய செகண்ட்ஸில்தான் வளர்ந்தார்கள். எந்தப் பீஸில் குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்று பார்த்து எடுக்க என்னைவிடத் தேர்ந்த ஆள் வேண்டுமா? "மூட்டை கிடக்கிறது, வீணாகப் போவானேன், பிரிண்ட் அடித்துக் கொடுத்துவிடலாம்" என்று ஸ்டோரில் யாரோ சிக்கனமாக யோசித்திருப்பார். அந்த யோசனையை வேறு எந்தப் பிரிவில் செய்திருந்தாலும் போயிருக்கும். அயர்னிங்கில் கொடுத்திருந்தால் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்திருப்பார்கள். எந்தக் கண்ணைப் பாராட்டுகிறோம் என்று மேடையில் சொன்னார்களோ, அந்தக் கண்ணுக்கு இது தெரியாது என்று நினைத்தார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முன்பு வேலை பார்த்த சின்ன ஜாப் ஒர்க் கம்பெனியில், 2009இல், ஓர் ஆர்டர் நல்லபடியாகப் போனதற்கு முதலாளியம்மா எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போணி கொடுத்தார். அனுப்பர்பாளையத்தில் அவரே போய் வாங்கிவந்தது. மேடை இல்லை, பேச்சு இல்லை. "பிளாஸ்டிக் டப்பாவில் ரசம் கொண்டுவந்து சிந்துகிறாயே, இதில் கொண்டு வா" என்றார். மூடியில் ஒரு நெளிவு விழுந்திருக்கிறது, மற்றபடி இன்றும் தினம் அதில்தான் எனக்கு மதியச் சாப்பாடு. நான் ரசம் சிந்தியதை அவர் பார்த்திருக்கிறார்.

பொங்கலுக்கு ஆண்டிபட்டிக்குப் போனேன். போகியன்று பழையதைப் போட்டு எரிக்கும்போது இந்த டீசர்ட்டையும் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. புதுத்துணி, மனம் வரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு துவைப்பு. கொடியில் காய்ந்து வந்ததைப் பார்த்தால் பக்கத் தையல் இடுப்பிலிருந்து நகர்ந்து தொப்புளுக்கு அருகில் வந்து நிற்கிறது. சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு அடங்காமல் வெட்டித் தைத்துவிட்டால் துவைத்ததும் இப்படித் திருகிக்கொள்ளும். 'தரமே எங்கள் உயிர்' அவர் நெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. "என்ன, உயிர் ஓரமாகப் போகிறது?" என்றார் என் தம்பி. நான் பதில் சொல்லவில்லை. குறைகளின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள். மேசைக்கடியில் போட்டிருந்த அட்டைகளைக் கூட்டிப் பெருக்கி எறிந்திருந்தார்கள். வெறும் சிமெண்ட், தை மாதத்துக் குளிர். போடிக்காரி தன் பையைத் திறந்து டீசர்ட்டை எடுத்தாள். நான்காக மடித்தாள். தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "அட்டையைவிடப் பரவாயில்லை அக்கா" என்றாள். மதியத்துக்குள் ஐந்து பேர் காலுக்கடியில் கருநீலம். நான் மறுநாள் கொண்டுவந்தேன். 160 ஜிஎஸ்எம் துணி மெலிசுதான், ஆனால் எட்டாக மடித்தால் குதிகாலுக்கு நன்றாகவே தாங்குகிறது.

மூன்றாம் நாள் மேனேஜர் அந்த வழியாக வந்தார். குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "என்ன அக்கா இது, கம்பெனி பெயரைப் போய் மிதித்துக்கொண்டு? பையர் பார்த்தால் என்ன நினைப்பார்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லாரையும் ஒரு நிமிடம் இறங்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, உள்பக்கம் வெளியே திருப்பி, திரும்பவும் மடித்துப் போட்டோம்.