நத்தைக்குத்தியின் அலகில் ஒரு கீற்று வானம்

நத்தைக்குத்தி நாரை அலகை மூடியிருந்தாலும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்தி வானத்துக்கு எதிரே படமெடுக்கும்போது அந்த இடைவெளியில் ஆரஞ்சு நிறம் ஒரு கீற்றாகத் தெரிந்துவிட்டால் போதும், பறவை முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் பெயர் சொல்லிவிடலாம். (இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது.) நிழலுருவப் படத்தில் நிறம், இறகு, கண் எல்லாம் போய், மிஞ்சுவது விளிம்பு மட்டுமே. அதனால் கேமரா அமைப்பைவிடப் பறவை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

பெரும்பாலான பறவைகளுக்குப் பக்கவாட்டுத் தோற்றமே சரி. அரிவாள்மூக்கனின் வளைந்த அலகும் பாம்புத்தாராவின் கழுத்தும் அப்போதுதான் துலங்கும். கரண்டிவாயன் மட்டும் விதிவிலக்கு. அதன் அலகு தட்டையானது; பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் குச்சி. தலையைச் சற்று நம் பக்கம் திருப்பும்போதோ, தலைக்கு மேலே பறக்கும்போதோதான் கரண்டி வடிவம் கிடைக்கும். பறக்கும் பறவையில் இறக்கை நன்றாக மேலே போன அல்லது கீழே வந்த நொடியை எடுங்கள். கிடைமட்டமாக இருக்கும்போது இறக்கை ஒரு கோடாகச் சுருங்கிவிடும்.

மரத்தின் நடுக்கிளையில் இருக்கும் பறவையை விட்டுவிடுங்கள். அங்கே கறுப்புக்குப் பின்னால் இன்னொரு கறுப்புதான் இருக்கும். உச்சிக்கிளையில் தனியாக நிற்பதைத் தேடுங்கள். இரண்டு பறவைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் படத்தில் இரண்டு தலை கொண்ட ஒரே உருண்டைதான் தெரியும். நீங்கள் இரண்டடி தள்ளி நின்றால் பல நேரம் நடுவில் வானம் திறந்துகொள்ளும்.

நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சென்னைப் பக்கம் சூரியன் மறைந்தபின் பயன்படும் வெளிச்சம் ஏறத்தாழ 20 நிமிடம். வேடந்தாங்கலில் மாலை 6 மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் 5.40 ஒட்டி மறைவதால் செவ்வானம் கிடைக்கும். பிப்ரவரியில் 6 மணிக்குச் சூரியன் மறைந்தே இருக்காது. நிழலுருவத்துக்காகவே போவதென்றால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் போங்கள்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால், ஃப்ரேமை நிறைக்கும் கூழைக்கடா ஒன்று வந்ததும் கேமரா 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டும். பறவை சாம்பலாகும், வானம் வெளுக்கும். சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளி, பளிச்சென்ற வானத்தில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) செய்து அந்த அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்த சில நிமிடங்களுக்கு எஃப் 5.6, 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 என்று தொடங்கலாம். அடுத்த பத்து நிமிடத்தில் ஐஎஸ்ஓ 3200 வரை போக வேண்டிவரும். நிற்கும் பறவைக்கு 1/250 போதும் என்பதால் அதற்கு அவ்வளவு ஏற்ற வேண்டாம்.

ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள். செவ்வானத்தில் முதலில் நிரம்பி வழிவது அதுதான். மொத்த வரைபடம் நன்றாக இருக்கும்போதே செந்நிறம் தட்டையான மஞ்சளாகியிருக்கும். அதற்குப் பயந்து தேவைக்கு மேல் இருட்டாக்கவும் கூடாது. பிறகு வெளிச்சத்தைக் கூட்டும்போது இரைச்சல் (படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகள்) வரும்; அது கறுப்பில் ஒளிந்துகொள்ளும். வானத்தின் மென்மையான பரப்பில்தான் புள்ளி புள்ளியாகக் கண்ணை உறுத்தும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாமல் 'பகல்' அல்லது 'மேகமூட்டம்' என்று வையுங்கள். ஆட்டோ அந்த ஆரஞ்சையே குறையாக எண்ணித் திருத்திவிடும்.

வெள்ளைக் கொக்கு பறந்தால் இறக்கை வழியே ஒளி ஊடுருவி மினுங்கும். அது அழகுதான், ஆனால் முழுக் கறுப்பு வராது. அதற்கு நீர்க்காகம் நல்லது, இல்லையென்றால் சூரியன் மறையும்வரை காத்திருக்க வேண்டும்.

ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் உடல் நடுவில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் கறுப்புக்குள் பிடிக்க எதுவும் இல்லை. கழுத்தும் வானமும் சந்திக்கும் விளிம்பில் ஒற்றைப் புள்ளியை வையுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இங்கே பெரும்பாலும் ஏமாற்றும், கண்ணே தெரிவதில்லையே. பறவைகள் வந்து அமரும் மரத்தில் முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டிவைப்பது இன்னும் நம்பகமானது. லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். சூரியனின் பேய்ப்பிம்பம் அதில்தான் அதிகம் வரும்.

டெலி லென்ஸோடு ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும். ஃப்ரேமில் சூரியன் வேண்டுமென்றால் பின்திரையில் பார்த்து, சட்டென்று எடுத்து, கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

மொபைலில் எடுப்பவர்கள் நைட் மோடையும் எச்டிஆரையும் அணைத்துவிடுங்கள். இரண்டுமே நிழலைத் தூக்கிக் காட்டுபவை. வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டி, விரலைக் கீழே இழுத்தால் பறவை கறுப்பாகும்.

கணினியில் ரா கோப்பைத் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) திறந்ததும் 'பிளாக்ஸ்' என்னும் கறுப்பு அளவை, இறகு விவரம் மறையும்வரை மட்டும் குறையுங்கள். கிளாரிட்டியை (விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் அமைப்பு) ஏற்றினால் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் வரும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அலகின் நுனியைப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும்.