பில் கேட்ட பூ வியாபாரி

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் நடத்தி முடித்திருக்கிறேன். திட்ட அறிக்கை, ஸ்லைடு எல்லாம் வழக்கம்போல வந்துவிட்டன. இந்த முறை ஏதாவது ஒரு பொருளைச் செய்து காசுக்கு விற்றால்தான் இன்டர்னல் மார்க் என்று சொல்லியிருந்தேன். இழுபறி அங்கேதான்.

ஒரு குழு, மதுரை மல்லியை வெளியூருக்கு அனுப்பக் குளிர்ப்பெட்டி செய்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் விடியற்காலையில்; எங்கள் ஹாஸ்டல் கேட் திறப்பதோ விடிந்த பிறகு. வார்டன், துறைத்தலைவர், முதல்வர் என்று கையெழுத்து வாங்கி, கல்லூரி வேலையாக வெளியே போக ஓ.டி. அனுமதி கிடைப்பதற்குள் முகூர்த்த சீசனே முடிந்துவிட்டது. இப்படி நடத்த நினைப்பவர்கள் செமஸ்டர் தொடங்கும் முன்பே அனுமதியை வாங்கிவிடுங்கள்.

கமிஷன் கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவினார். ஈரம். "மொட்டு வேர்த்தா பழுப்படிச்சிரும் தம்பி, அப்புறம் யாரு வாங்குவா?" வகுப்பில் சுற்றுக்கு விட்ட கூகுள் படிவம் எதிலும் இந்தப் பதில் வரவில்லை. பையன்கள் உள்ளே பருத்தித் துணி விரித்துத் திரும்பக் கொண்டுபோனார்கள். வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனால் பில் வேண்டும், பணத்தை உங்கள் தொழில் பேரில் உள்ள அக்கவுண்டில்தான் போடுவேன் என்றார்.

நடப்புக் கணக்கு தொடங்க வங்கிக்குப் போனால், சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் சான்று கேட்டார்கள். அதற்கு ஆதார் ஓடிபி வேண்டும். விண்ணப்பித்த பையனின் ஆதாரில் இருந்ததோ அப்பாவின் பழைய நம்பர். அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. நம்பரை மாற்றி, சான்றோடு போனால் ஹாஸ்டல் முகவரி செல்லாது என்றார்கள். உசிலம்பட்டி வீட்டு முகவரிக்கு மாற்றிக்கொண்டு போனால் ஜிஎஸ்டி எங்கே என்றார்கள். மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தானே அந்தப் பதிவு என்று நானே போய் விளக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பையன் இத்தனை பஸ் ஏறியிருக்க மாட்டான். இன்னும் மனசு ஆறவில்லை.

உத்யம் பதிவு 2020-இல் வந்ததிலிருந்தே இலவசம். தேடினால் காசு கேட்கும் தனியார் தளங்களும் வரும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் பொறுமையாகவே பேசினார்கள். ஆனால் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குத் தமிழக அரசுத் திட்டமான நீட்ஸ் வழியாகக் கிடைக்கும் கடனுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், மூன்றாம் ஆண்டில் பலருக்கும் ஆகியிருக்காது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கடைசியில் கணக்கும் திறந்தது, கடைக்காரர் பணமும் ஏறியது. பையன் வகுப்பில் போனைத் தூக்கிக் காட்டியபோது பின் பெஞ்சு வரை கைதட்டல். அடுத்த பேட்சுக்கு முதல் வாரமே ஆதார், பான், மொபைல் நம்பர் மூன்றையும் சரிபார்க்கப் போகிறேன்.