காசிமேட்டு உப்புக்காற்றில் ஒரு விண்கல்

வடமேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பொறுக்கிய 42 கிராம் கல் இப்போது சென்னைக் காசிமேட்டில் என் மேசைமேல் இருக்கிறது. இன்னும் வகைப்படுத்தாத சாதாரண காண்ட்ரைட், அதாவது உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் கொண்ட பாறை விண்கல். விண்கல் சேர்ப்பவர்களிடம் இதுதான் மலிவான சரக்கு, ஆனால் வயது சுமார் 456 கோடி ஆண்டு. உள்ளூரிலேயே தேடலாமே என்று கேட்கிறார்கள். இந்தியாவில் விழும் கற்கள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போக வேண்டியவை. அதோடு தொழிற்சாலைகள் நிறைந்த எண்ணூர், மணலிப் பக்கம் காந்தத்தைத் தரையில் இழுத்தால் உலைக் கசடும் வெல்டிங் பொறியும்தான் ஒட்டும். அதனால் தபாலில் வரவழைத்தேன்.

விண்கல்லைப் புரிந்துகொள்ள அதன் உட்புறத்தைப் பார்த்தாக வேண்டும். அறுக்கும் ரம்பம் என்னிடம் இல்லை, ஒரு மூலையை மட்டும் தேய்த்தெடுக்க முடிவு செய்தேன். மண்ணடியில் சொரசொரப்பான 120 முதல் நயமான 2000 வரை உப்புத்தாள் வாங்கி, கண்ணாடித் தகட்டின்மேல் விரித்துக் கையாலேயே தேய்த்தேன். இதில் தண்ணீர் ஆகாது. கல்லுக்குள் நிக்கல் கலந்த இரும்புத் துணுக்குகள் இருக்கின்றன, பாலைவன மண்ணில் கிடந்த காலத்தில் குளோரினும் உள்ளே புகுந்திருக்கும். அது இரும்போடு சேர்ந்தால் அகாகனைட் என்ற துரு உண்டாகும். ஈரம் கிடைத்துக்கொண்டே இருந்தால் அந்தத் துரு உள்ளுக்குள்ளேயே பரவிக்கொண்டிருக்கும். அதனால் பாரிமுனை ரசாயனக் கடையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, மொட்டைமாடியில் வைத்துத் தேய்த்தேன். சட்டென்று தீப்பிடிக்கும் திரவம், அடுப்பு எரியும் வீட்டுக்குள் திறக்கவே கூடாது.

120இல் பழுப்புத் தூள்தான் வந்தது. 400 தாண்டியதும் வெள்ளி மாதிரி புள்ளிகள் மின்ன ஆரம்பித்தன, அதுதான் இரும்பு. பக்கத்தில் வெண்கல மஞ்சளில் தெரிந்தது ட்ராய்லைட், அதாவது இரும்பு சல்ஃபைடு. 1000க்கு மேல் நகை ஆசாரிகள் கண்ணில் வைக்கும் லென்ஸில் பார்த்தால் சாம்பல் நிற உருண்டைகள், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னவை. இவைதான் காண்ட்ரூல்கள். சூரியனைச் சுற்றிக் கோள்கள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த தூசியில் உருகி மிதந்த துளிகள் உறைந்தவை. ஒன்றில் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகம் பட்டைபட்டையாக நிற்கிறது, இன்னொன்றில் பைராக்சீன் என்ற கனிமம் ஒரு ஓரத்திலிருந்து விசிறியாக விரிகிறது. உருகிய துளி எவ்வளவு சூடானது, எவ்வளவு வேகமாக ஆறியது என்பதைப் பொறுத்து இந்த வடிவங்கள் மாறும். அன்று மாலை முழுக்க லென்ஸைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் தெரு லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். காந்தம் ஒட்டியதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கல்லுல எப்பிடி இரும்பு வரும்? ஃபவுண்டரி கசடு மாதிரி கீது" என்றார். நியாயமான சந்தேகம். கசடில் பெரும்பாலும் குமிழி ஓட்டைகள் இருக்கும், காண்ட்ரூல் இருக்காது. நிக்கலும் ஒரு சாட்சி. துணுக்கு இரும்பை நீர்த்த அமிலத்தில் கரைத்து, அம்மோனியாவும் டைமெத்தில்கிளையாக்ஸைம் என்ற ரசாயனமும் சேர்த்தால் நிக்கல் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். எனக்கு வந்தது. எவர்சில்வரில்கூட நிக்கல் உண்டு, அதனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி விண்கல் என்று சொல்லிவிடக் கூடாது.

அப்புறம் அடர்த்தி. இதற்கும் ஆல்கஹாலே போதும். திரவக் குவளையைத் தராசில் வைத்து, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் அமிழ்த்தினேன். எடை 9.8 கிராம் கூடியது, அது கல் இடம்பெயர்த்த ஆல்கஹாலின் எடை. ஆல்கஹாலின் அடர்த்தி 0.78 என்று வைத்து வகுத்தால் கல்லின் கனஅளவு 12.56 கன சென்டிமீட்டர், அடர்த்தி 3.34. கிரானைட் 2.7 அளவில்தான் நிற்கும். சாதாரண காண்ட்ரைட்டுகளில் இரும்பு அதிகமுள்ளது எச், குறைவானது எல், இன்னும் குறைவானது எல்எல். என் கல் எல் ஆக இருக்கலாம், ஆனால் துருவும் நுண்துளைகளும் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். முறையாக வகைப்படுத்த ஆலிவினில் உள்ள இரும்பை எலெக்ட்ரான் மைக்ரோப்ரோப் என்ற ஆய்வகக் கருவியில் அளக்க வேண்டும். அது வீட்டில் நடக்காது.

நம்ம ஊர்க் கல்லும் ஒன்று பேர் வாங்கியிருக்கிறது. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைப் பக்கம் விழுந்த பர்னல்லி, எல்எல்3 வகை. அதன் பெரிய துண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த 3 என்ற எண், கல் எந்தச் சிறுகோளிலிருந்து உடைந்து வந்ததோ அதற்குள் எவ்வளவு வெந்தது என்பதைச் சொல்கிறது. 3இல் காண்ட்ரூல்கள் கூர்மையாகத் தெரியும், 6இல் சுற்றியுள்ளதோடு கரைந்து மங்கிவிடும். என்னுடையதில் பாதி உருண்டைகளுக்கு விளிம்பு மங்கல், எனவே 5 என்பது என் ஊகம்.

இங்கே உண்மையான சண்டை காற்றோடுதான். காசிமேட்டில் புது ஜன்னல் கம்பியே வருஷம் திரும்புவதற்குள் பெயிண்டைத் தள்ளிவிட்டுத் துருப்பிடிக்கும். தேய்க்கும்போது உதிர்ந்த ஒரு சில்லை வேண்டுமென்றே ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். சில நாட்களிலேயே இரும்புப் புள்ளிகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் வந்தது, பிறகு புள்ளியே மூடிவிட்டது. துருவை அளக்க டபிள்யூ0 முதல் டபிள்யூ6 வரை ஒரு அளவுகோல் உண்டு. டபிள்யூ2 என்றால் இரும்பில் 20 முதல் 60 சதவீதம் போயிருக்கும், டபிள்யூ3 என்றால் 60 முதல் 95. பெரிய கல் இப்போதைக்கு டபிள்யூ2 மாதிரி தெரிகிறது, சில்லு அதைத் தாண்டிவிட்டது.

பெரிய கல்லை ஆல்கஹாலில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடிவிட்டேன். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியதும் வெறும் கடாயில் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கிறேன். அந்தக் கடாயைச் சமையலுக்குத் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு. மழைக்காலத்தில் ஜெல் சீக்கிரமே நிறம் மாறுகிறது. அடுத்து, தேய்த்த முகத்துக்கு மெழுகு பூசிய சில்லு ஒன்றும் பூசாத சில்லு ஒன்றும் அதே ஜன்னலில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.