ஒரு கணினி, இரண்டு பேர்

நாங்கள் இருவர் வேலை பார்த்த அறையில் கணினி ஒன்றுதான் இருந்தது. எனக்குக் கணக்கு, அவருக்குக் கடிதப் போக்குவரத்தும் பில் போடுவதும். இன்னொன்று வாங்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் மேலிடத்திலிருந்து ஒரே பதில்: "இருக்கிறதே பாதி நேரம் சும்மாதானே கிடக்கு?" உண்மைதான். ஆனால் அது சும்மா கிடந்தது எங்கள் இருவருக்குமே அது தேவைப்படாத நேரத்தில். மாதக் கடைசியில் இருவருக்கும் ஒரே வேளையில் வேண்டும்.

ஆரம்பத்தில் இருவருக்கும் ஒரே லாகின். நாற்காலியைப் பகிர்வதைவிட இதுதான் பெரிய தொல்லை. அவர் அவசரத்தில் அனுப்பிய பதில் என் மின்னஞ்சல் கணக்கிலிருந்து போய்விட, வாடிக்கையாளர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். பிரௌசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டு யாருடையது என்று அதற்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. டெஸ்க்டாப்பில் 'புதியது', 'புதியது 2', 'இறுதி' என்று கோப்புகள் குவிந்தன. வைத்தது யார் என்று தெரியாததால் அழிக்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

தனித்தனிப் பயனர் கணக்கு தொடங்கியதும் பாதிச் சண்டை ஓய்ந்தது. காலணா செலவில்லாத வேலை. இதைச் செய்யாமலே இரண்டாவது கணினி கேட்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது. விண்டோஸில் 2001இல் வந்த எக்ஸ்பி காலத்திலிருந்தே, ஒருவர் தன் வேலையை மூடாமல் எழுந்துபோக, மற்றவர் தன் கணக்கில் நுழைய முடியும். சிக்கல் அந்த 'மூடாமல்' என்பதில்தான். எழுந்துபோனவரின் நிரல்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுடையதில் இருந்தது 4 ஜிபி ரேம். அவர் பிரௌசரை நிறைய டேப்களுடன் விட்டுவிட்டுப் போனால், என் பக்கம் எக்செல் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து வந்துவிடலாம். திறந்தாலும், கோப்பு இன்னொருவர் கையில் இருக்கிறது, படிக்க மட்டும்தான் முடியும் என்று சொல்லும். கணினியை அணைத்துவிடலாம் என்றால் இன்னொருவர் பயன்பாட்டில் இருக்கிறார், அவர் சேமிக்காதது போய்விடும் என்று எச்சரிக்கை. அப்புறம் ஆளைத் தேடிக்கொண்டு போக வேண்டும்.

ஒரே கணினியில் இரண்டு திரை, இரண்டு கீபோர்டு மாட்டினால் ஆளுக்கு ஒன்றாகிவிடாதா என்று கேட்டார்கள். மாட்டிப் பார்த்தோம். மவுஸ் இரண்டு, அம்புக்குறி ஒன்று! அவர் இடப்பக்கம் இழுக்க, நான் வலப்பக்கம் இழுக்க, நல்ல வேடிக்கை. வேறொரு கணினியிலிருந்து இதை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியும் உதவாது: விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்பதே இல்லை, புரோ பதிப்பு ஏற்கும், ஆனால் ஒருவர் உள்ளே வந்ததும் திரைமுன் இருப்பவரை வெளியேற்றிவிடும். லினக்ஸில் 'மல்டிசீட்' என்று இதற்கு முறையான வழி இருக்கிறது. இன்னொரு கிராபிக்ஸ் கார்டு போட்டு, கீபோர்டையும் மவுஸையும் அதனுடன் சேர்த்து ஒதுக்கிவிட்டால், ஒரே பெட்டியில் இருவர் தனித்தனியாக வேலை பார்க்கலாம். எங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் அந்தக் கதவு மூடிக்கொண்டது.

இந்தப் பகிர்வு ஒன்றும் புதிதில்லை. 1961இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டியது. கணினியில் பாஸ்வேர்டு வைத்த முதல் அமைப்புகளில் அதுவும் ஒன்று. அன்று இயந்திரத்தின் ஒவ்வொரு நொடிக்கும் விலை அதிகம். அதை வீணாக்காமல் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் அறையில் காத்துக் கிடந்தது இயந்திரமல்ல, சம்பளம் வாங்கும் ஆள். மேலிடத்தில் நான் வைத்த வாதம் இவ்வளவுதான். 'பாதி நேரம் சும்மா' என்ற பேச்சு அதோடு நின்றது.

பழைய கணினி ஒன்றை மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்றேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பல அங்கேயே தோற்றுவிடும்.

புதியது வந்தது. காத்திருப்பு போனது, வேறு வேலை வந்தது. பிரிண்டர் என் கணினியில் யுஎஸ்பியில் மாட்டியிருந்ததால் நான் விடுப்பு எடுத்த நாளிலும் அதை யாராவது ஆன் செய்தாக வேண்டும். பொதுக் கோப்புறையும் அதிலேயே இருந்ததால் அதற்கும் அதே கதி. அப்டேட் இரண்டு முறை, பேக்கப் இரண்டு முறை, கணக்கு மென்பொருளுக்குக் கூடுதல் உரிமம். வாங்குவதற்கு முன் போட்ட செலவுக் கணக்கில் இவை எதுவுமே இல்லை. கோப்புறையைப் பிறகு வலையமைப்பில் மாட்டும் தனிச் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றினோம், பிரிண்டரை வைஃபைக்கு.

முன்பெல்லாம் இடம் மாறும்போது, "இந்த பில் இன்னும் போகல, அவங்க போன் பண்ணா சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோவோம். ஆளுக்கொரு கணினி ஆனதும் அது நின்றுவிட்டது. ஒரே வாடிக்கையாளருக்கு இருவரும் இரண்டு விதமாகப் பதில் எழுதிய பிறகுதான் அது தெரிந்தது. இப்போது பொதுக் கோப்புறையில் 'நிலுவை' என்று ஒரு தாள் இருக்கிறது. மாலையில் கிளம்புமுன் இருவரும் அதில் எழுதுகிறோம். அதையும் ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவருக்குப் படிக்க மட்டும்தான் முடிகிறது.