இரண்டாவது மெசேஜ்

ஐடி கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் தொழில். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் இருக்கிறேன். ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயின் கால்பந்து அணி 2026 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றதை எல்லோரும் விளையாட்டுச் செய்தியாகப் படித்தார்கள். எனக்கு அது எங்கள் தொழில் சம்பந்தப்பட்ட செய்தி. அதற்குக் காரணம் ரொபெர்ட்டோ லோபஸ்.

'பிகோ' என்று கூப்பிடுகிறார்கள். பிறந்து வளர்ந்தது டப்ளினில். அம்மா அயர்லாந்துக்காரர், அப்பா கேப் வெர்டேக்காரர். ஒரு பக்கம் கால்பந்து ஆடிக்கொண்டே வங்கியில் வீட்டுக்கடன் வேலை பார்த்தவர், பிறகு ஷாம்ராக் ரோவர்ஸ் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் ஆனார். கல்லூரி நாட்களில் லிங்க்ட்இனில் ஒரு கணக்கு தொடங்கியிருந்தார். 2018-ல் அதில் போர்த்துகீசிய மொழியில் ஒரு மெசேஜ் வந்தது. ஏதோ ஸ்பாம் என்று விட்டுவிட்டார். அனுப்பியவர் அப்போது கேப் வெர்டே அணியின் பயிற்சியாளராக இருந்த ருயி ஆகுவாஸ். சுமார் ஒன்பது மாதம் கழித்து அவரே மறுபடி எழுதினார், இந்த முறை ஆங்கிலத்தில். லோபஸ் பழைய மெசேஜை எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தபோதுதான், தேசிய அணிக்கு ஆட வருகிறீர்களா என்று கேட்டிருந்தது புரிந்தது. 2019-ல் அந்த நாட்டுச் சட்டையைப் போட்டு ஆடினார்.

இதை வேடிக்கைக் கதையாகத்தான் பகிர்கிறார்கள். என் கண்ணுக்குப் படுவது அந்த இரண்டாவது மெசேஜ். எங்கள் வேலையில் ஒரு ப்ரொஃபைலைப் பிடிப்போம், மெசேஜ் போடுவோம், இரண்டு நாள் பார்ப்போம். பதில் இல்லையென்றால் எக்ஸெல் ஷீட்டில் 'நோ ரெஸ்பான்ஸ்' என்று நிரப்பிவிட்டு அடுத்த ஆள். டார்கெட் அப்படி. அடுத்த வருடம் அதே திறமைக்கு ஆள் கேட்டு க்ளையன்ட் வந்தால் பழைய ஷீட்டை யாரும் திறப்பதில்லை, புதிதாகத் தேட ஆரம்பிக்கிறார்கள். இது எனக்கு எப்போதும் மனசு ஒப்பாத விஷயம்.

அப்படி ஒரு பழைய ஷீட்டிலிருந்து ஒரு பெண்ணை நான் மறுபடி கூப்பிட்டேன். டேட்டாபேஸ் வேலையில் கெட்டிக்காரி. நடுவில் சில வருடம் வேலையில் இல்லை. "நீங்க முதல்ல மெசேஜ் போட்டப்போ அப்பா ஐசியூல இருந்தாரு மேடம். அப்புறம் பதில் போடக் கூச்சமா இருந்துச்சு" என்றார். வேலை வேண்டாம் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. இப்போது அந்த டீமுக்கு அவர்தான் லீட்.

கேப் வெர்டேக்கு இந்தத் தேடல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதன் மக்களில் பெரும்பகுதி ஊரிலேயே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக்கில் பத்துத் தீவுகள், ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள். மழை பொய்க்கும் பூமி. 1940-களின் பஞ்சங்களில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதற்கும் முன்பிருந்தே அமெரிக்கத் திமிங்கிலவேட்டைக் கப்பல்களில் ஏறிப் போனவர்கள் உண்டு. பிற்பாடு லிஸ்பன், ரோட்டர்டாம் துறைமுகம் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். வெளியே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களைவிட அதிகம். அவர்கள் பிள்ளைகள் வேறு நாடுகளுக்கு ஆடினார்கள். ஸ்வீடனின் ஹென்ரிக் லார்சனுடைய அப்பா கேப் வெர்டேக்காரர். பிரான்சின் பாட்ரிக் வியேராவுக்கும் வேர் அங்கேதான்.

ஃபிஃபாவில் சேர்ந்ததே 1986-ல். 2013-ல் முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போய் நேராகக் காலிறுதி வரை வந்தார்கள். 2023 போட்டியிலும் காலிறுதி. பிறகு ஒரு சறுக்கல், நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதைத்தான். 2025 ஆப்பிரிக்கக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் எகிப்து, போட்ஸ்வானா, மொரிட்டானியாவுக்கும் கீழே கடைசி இடம். பயிற்சியாளர் புபிஸ்டா, போவா விஸ்டா தீவுக்காரர், அந்த அணிக்கே முன்னாள் கேப்டன். அவரை அனுப்பிவிட அந்தக் கடைசி இடமே போதுமான சாக்கு. அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் அவரை வைத்துக்கொண்டது. ஒரே ஒரு மோசமான மூன்று மாதக் கணக்குக்காக நல்ல மேனேஜரை வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்கு ஆள் கேட்டு எங்களிடம் வரும் கம்பெனிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு கமிஷன் கிடைக்கிறது, சரி. ஆனால் அந்த டீம் மறுபடி கூடி வர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று கேட்க ஆளில்லை. புபிஸ்டா 2025-ல் ஆப்பிரிக்காவின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார்.

உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் கேமரூன் இருந்த பிரிவு. 2024 ஜூனில் அவர்களிடம் 4-1 என்று உதை வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் தங்கள் தலைநகர் பிரையாவில் 1-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் 23 புள்ளியோடு பிரிவில் முதலிடம், கேமரூனுக்கு 19.

வெளிநாட்டில் பிறந்தவர்களைக் கூட்டிவந்து ஜெயித்தால் அது உள்ளூர் அணியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. பஞ்சத்துக்குப் பயந்து போன வீட்டுப் பேரன் திரும்பி வந்து ஆடுகிறான், அவனை வெளியாள் என்று எப்படிச் சொல்வது? தவிர, அவர்களை வரவேற்று அணியாக்க ஊரில் ஆள் இருந்தார்கள். கோல்கீப்பர் வோசின்யா மிண்டெலோவில் பிறந்தவர், முப்பத்தொன்பது வயதிலும் கம்பத்துக்கு நடுவே நின்றவர். கூப்பிட்டு வரவழைத்தால் மட்டும் போதாது, வந்தவர் நிலைக்க ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஜாயினிங் தேதியோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

2025 அக்டோபர் 13, தகுதியை உறுதி செய்த கடைசி ஆட்டம், பிரையா தேசிய மைதானம், எதிரே எஸ்வாட்டினி. பாதி ஆட்டம் வரை கோல் இல்லை. இடைவேளைக்குப் பின் முதல் கோல் டைலான் லிவ்ரமென்டோ, ரோட்டர்டாமில் பிறந்தவர். இரண்டாவது வில்லி செமெடோ, பிரான்சில் பிறந்தவர். தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் மூன்றாவதை அடித்தவர் ஸ்டோபிரா, 37 வயது, அதே பிரையாவில் பிறந்தவர்.